ஒட்டடைக்குச்சியைக் கேட்டு வந்தவர்கள்

ஆஸ்பத்திரிப் படுக்கை விரிப்பை ஒற்றை ஆளாக மடிக்க முடியாது. இந்த முனையில் ஒருத்தி, அந்த முனையில் ஒருத்தி நின்று உதறி, இழுத்து, நடந்து வந்து சேர வேண்டும். சலவைக்கூடத்தில் பதினோரு வருஷமாக இந்த முனையில் நிற்பவள் மாமியார். அந்த முனையில் நிற்பவள் ஒட்டடைக்குச்சியின் அம்மா.

இருவர் வீட்டிலும் ஆளுக்கொரு கோல்கீப்பர். மாமியாருக்கு மருமகன், மற்றவளுக்குப் பெற்ற பிள்ளை. ஊரில் கிளப் ஒன்றுதான், கோல்கம்பத்துக்கு நடுவே நிற்கிற இடமும் ஒன்றுதான். பையன் நெடுநெடுவென்று வளர்ந்து கையைத் தூக்கினால் மேல்கம்பியில் சிலந்திவலை தட்டலாம் போலிருந்ததால் ரசிகர்கள் வைத்த பெயர் ஒட்டடைக்குச்சி. அவன் அம்மாவே அதைச் சொல்லிச் சிரிப்பாள்.

லீக் தொடங்க ஒரு மாதம் இருந்தது. அந்த மாதத்தில் பந்து உருளாது, வதந்திதான் உருளும். கிளப் வாசலில் வெளியூர் கார் நின்றதாம், கோச் இரண்டு தடவை போனில் கத்தினாராம். இதையெல்லாம் ரசிகர்கள் மென்றுகொண்டிருந்தபோது ஒரு செய்தி மட்டும் கெட்டியாக வந்தது. இரண்டு கோல்கீப்பரில் ஒருவனை ஒரு வருஷத்துக்கு லோனில் அனுப்பப் போகிறார்கள். ரயிலில் ஒன்பது மணி நேரத்துக்கு அப்பால் ஒரு கிளப்.

லோன் என்றால் என்னவென்று மாமியாருக்கு விளக்கியவன் சலவை வேன் டிரைவர். "நம்ம வீட்டு அண்டா பக்கத்து வீட்டு விசேஷத்துக்குப் போற மாதிரிக்கா. திரும்பி வந்துரும். நசுங்காம வந்தா சரி."

மாமியாருக்குச் சிரிப்பு வரவில்லை. புருஷன் போய்ச் சேர்ந்த பிறகு அவளுக்கென்று இருப்பது ஒரே மகள். மாடி அறையில் மருமகனோடு குடியிருக்கிறாள். அவன் போனால் இவளும் பெட்டி கட்டுவாள். அப்புறம் அந்த வீட்டில் மாமியார் யாரிடம் சண்டை போடுவாள், சொல்லுங்கள். அவளை வெறுக்க அவசரப்படாதீர்கள். கொஞ்சம் பொறுங்கள், அதற்கும் நேரம் வரும்.

வேன் டிரைவர்தான் ரசிகர் கூட்டத்துக்குத் தலைவன். தம்பட்டம் என்று பெயர். தினமும் மூன்று ஆஸ்பத்திரி, இரண்டு ஓட்டல் சுற்றுகிறவன். அவனிடம் எப்படிச் சொல்ல வேண்டும் என்று மாமியாருக்குத் தெரிந்திருந்தது. முதலில் சொல்ல மறுத்தாள். அப்புறம் தலையில் அடித்துக்கொண்டாள். ஒட்டடைக்குச்சியின் அம்மா சாப்பிடப் போயிருந்த நேரம் பார்த்து, மூட்டைகளுக்கு நடுவே குரலை இறக்கினாள்.

"ஒட்டடைக்குச்சி தானாவே போய் கோச்கிட்ட கேட்டானாம் தம்பி. இந்தக் காட்டுக்கூட்டத்துக்கு முன்னாடி நின்னு நின்னு என் ஆட்டமே கெட்டுப்போச்சு, என்னை எங்கயாவது அனுப்பிருங்கன்னானாம். யார்கிட்டயும் சொல்லிராத. அவ காதுல விழுந்தா என்னைக் கொன்னுருவா."

மதியம் மூன்று மணிக்கு அந்தச் சொல் ஊரைச் சுற்றிவிட்டுக் கொதிகலன்காரர் வாய்வழியாக அவளிடமே திரும்பி வந்தது. அதற்குள் காட்டுக்கூட்டம் மாட்டுக்கூட்டமாகி, அவன் கிளப் கொடியில் காறித் துப்பியும் முடித்திருந்தான்.

மறுநாள் விரிப்பின் அந்த முனை நடுங்கியது. என் பிள்ளை அப்படிப் பேசுவானா, நீ பார்க்க வளர்ந்தவன்தானே, நீயே சொல்லு என்று அவன் அம்மா கேட்டாள். கிளப்பிவிட்டவர்கள் வாய் அழுகிப்போகும் அக்கா என்று மாமியார் ஆறுதல் சொன்னாள்.

ஞாயிற்றுக்கிழமை பயிற்சி ஆட்டம். முதல் பாதி ஒட்டடைக்குச்சி, இரண்டாம் பாதி மருமகன். ஒட்டடைக்குச்சி பந்தைத் தொட்டபோதெல்லாம் ஊர் ஊளையிட்டது. பிறந்ததிலிருந்து அவனைத் தெரிந்த தெருக்காரர்கள் முதுகைக் காட்டித் திரும்பி நின்றார்கள். மூன்று கோல் விட்டான். மூன்றாவது, குழந்தை உருட்டிவிட்டது போல வந்து அவன் காலிடுக்கில் நுழைந்தது. மருமகன் இறங்கியதும் மைதானமே எழுந்து கைதட்டியது. எல்லோரையும்விட உரக்கக் கத்தித் தொண்டை கட்டிப்போனவள் மாமியார்.

அன்று சாயங்காலம் மருமகன் வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல் நின்றான்.

"அத்தை, என்னைத்தான் அனுப்புறாங்க."

மாமியாருக்குக் குரல் எழும்பவில்லை. கையை மட்டும் ஏன் என்பது போல விரித்தாள்.

"லோன் கேக்குற கிளப் ஆளு ரெண்டு பேர் ஸ்டாண்ட்ல உக்காந்திருந்தாங்க. ஒட்டடைக்குச்சியைக் கேட்டுத்தான் வந்தாங்களாம். பேப்பர்ல அவன் பேரையே எழுதி வச்சிருந்தாங்களாம். சொந்த ஊர்க்காரனே ஊளையிடுற ஆளு எங்களுக்கு எதுக்கு, கைதட்டு வாங்குறானே, அவனைக் குடுங்கன்னுட்டாங்க."

வியாழக்கிழமை மகள் போய்விட்டாள். ஸ்டேஷனில் அழவில்லை, புது ஊரில் குளிருமா என்றுதான் கேட்டுக்கொண்டிருந்தாள்.

லீக் தொடங்க நான்கு நாள் இருக்கும்போது ஒட்டடைக்குச்சியின் அம்மா வீடு தேடி வந்தாள். பையன் சாப்பிடுவதில்லை, அறையை விட்டு வருவதில்லை என்றாள். இனி வருஷம் முழுக்க அந்தக் கம்பத்துக்கு நடுவே நிற்க வேண்டியவன் அவன்தான். "தம்பட்டம் உன் பேச்சைக் கேப்பான். எம்புள்ள அப்படிச் சொல்லலைன்னு ஒரு வார்த்தை சொல்லேன்டி. நீ சொன்னா நம்புவாங்க."

மாமியார் அவளைப் பார்த்தாள். இவள் வீட்டுக்குப் போய்க் கதவைத் தட்டினால் பிள்ளை உள்ளே இருப்பான். திட்டலாம், கெஞ்சலாம், தட்டை மூடி வைக்கலாம். இந்தப் பாக்கியத்தை வைத்துக்கொண்டு அழவும் செய்கிறாள்.

"சொல்றேன்கா," என்றாள்.

மறுநாள் மூட்டை ஏற்றும்போது சொன்னாள். முகத்தில் அத்தனை இரக்கம். "அவன் அம்மா வந்து அழுவுது தம்பி. நீங்கல்லாம் கத்துனதுல பயந்து போய்ப் போர்வைய இழுத்து மூடிக்கிட்டு, அம்மா அம்மான்னு படுத்திருக்கானாம். பாவம், கொஞ்சம் பாத்து நடந்துக்கங்க."

தம்பட்டத்தின் கண்ணில் விளக்கு எரிந்ததைப் பார்த்துவிட்டுத்தான் அவள் உள்ளே போனாள்.

முதல் ஆட்டத்தன்று கோலுக்குப் பின்னால் இருந்த ஸ்டாண்ட் முழுக்கப் போர்வை போர்த்திக்கொண்டு வந்திருந்தது. நல்ல வெயில். ஆயிரம் பேர் முக்காட்டுக்குள்ளிருந்து கைக்குழந்தை போல அம்மா, அம்மா என்று அழுதார்கள். ஒட்டடைக்குச்சி கம்பத்தருகே வந்து நின்றதும் அழுகை சிரிப்பானது.

அவன் அம்மா பக்கத்தில் உட்கார்ந்திருந்த மாமியாரின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"நீ சொல்லியுமா கேக்கல இந்தப் பாவிங்க?"

"சொன்னேன்கா," என்றாள் மாமியார்.

பந்து இன்னும் நடுக்கோட்டிலேயே இருந்தது. விசில்கூட ஊதவில்லை. ஒட்டடைக்குச்சி அதற்குள் இரண்டு கையுறையையும் காதில் வைத்துப் பொத்திக்கொண்டிருந்தான்.