பேபி ஆஃப் அன்புச்செல்வி

சித்தார்த்தனிடம் போய் யாராவது கடவுள் இருக்கிறார் என்று சொன்னால் அவன் சண்டைக்கு வரமாட்டான். "இருக்கட்டுமே, பார்த்தா சொல்லுங்க" என்பான், அவ்வளவுதான். சண்டை போட்டாலாவது தேவலை, இந்தச் சாந்தம்தான் ஆளை எரிச்சல்படுத்தும். திண்டிவனத்தில் ஒரு ரத்தப் பரிசோதனை லேபில் வேலை அவனுக்கு. ரிப்போர்ட் வராமல் எதையும் ஒத்துக்கொள்ளாத புத்தி அந்த வேலையால் வந்ததா, அந்தப் புத்தியால்தான் அந்த வேலைக்கே போனானா என்பது அவனுக்கே தெரியாது. ஒன்று மட்டும் தெருவுக்கே தெரியும், வாய் தவறிக்கூடப் பொய் சொல்ல மாட்டான்.

அவன் பெண்டாட்டி அன்புச்செல்வியோ ஞாயிறு தவறாமல் மாதா கோயிலில் பிள்ளைகளுக்கு மறைக்கல்வி எடுக்கிறவள். காலேஜில் காதலித்துக் கட்டிக்கொண்டவர்கள். அவள் ஜெபம் பண்ணுவாள், அவன் பக்கத்தில் உட்கார்ந்து போன் பார்ப்பான். கல்யாணமான நாள் முதல் இப்படியே ஓடியது, பெரிய மனஸ்தாபம் ஒன்றும் இல்லை.

ஏழாம் மாசத்தில் அவளுக்கு பிரஷர் ஏறி ஃபிட்ஸ் வந்துவிட்டது. ஆம்புலன்ஸ் விழுப்புரத்துப் பெரியாஸ்பத்திரிக்குப் பறந்தது. ஆபரேஷன் பண்ணித்தான் எடுத்தார்கள். ஆண் குழந்தை. இரண்டு உள்ளங்கைக்குள் அடங்கிவிடுவான் போலிருந்தது. கண்ணாடிப் பெட்டியில் வைத்து, காலில் ஒரு பட்டையைக் கட்டி, அதில் 'பேபி ஆஃப் அன்புச்செல்வி' என்று எழுதினார்கள்.

மூன்றாம் நாள் காலையில் டாக்டர் சித்தார்த்தனைத் தனியாகக் கூப்பிட்டு, நுரையீரல் தேறவில்லை, மனசைத் திடப்படுத்திக்கொள்ளுங்கள் என்றார். வேறு ஆம்பிளையாக இருந்தால் பெண்டாட்டியிடம் பூசி மெழுகியிருப்பான். இவன் நேரே வந்து உள்ளதைச் சொன்னான்.

அழுகை அடங்கியதும் செல்வி அவன் கையைப் பிடித்தாள்.

"சித்து, புள்ளைக்கு ஞானஸ்நானம் குடுத்துடு."

"நானா? ஃபாதருக்குப் போன் பண்றேன், இரு."

"அந்த வார்டுல அப்பா அம்மாவைத் தவிர யாரையும் விடமாட்டாங்க. எனக்கு எழுந்து நிக்கவே முடியல. ஆபத்துல யாரு வேணும்னாலும் குடுக்கலாம். நெத்தியில மூணு வாட்டி தண்ணி ஊத்தி, பேரைச் சொல்லி, தந்தை மகன் தூய ஆவியின் பெயரால் உனக்குத் திருமுழுக்கு அளிக்கிறேன்னு சொல்லணும். அவ்ளோதான்."

"எனக்குத்தான் நம்பிக்கையே இல்லியே செல்வி. நான் சொன்னா அது நாடகம் மாதிரி இல்ல?"

"நம்பாதவங்க குடுத்தாலும் செல்லும். கோயில்ல என்ன நெனச்சுக் குடுக்குறாங்களோ அதை நெனச்சுக் குடுத்தாப் போதும். நானே புள்ளைங்களுக்கு இதைச் சொல்லித் தந்துக்கினு இருக்கேன்."

"ஊத்தலன்னா? உங்க சாமி கைவிட்டுடுவாரா?"

கேட்ட பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டான். அவள் கோபப்படவில்லை.

"கைவிட மாட்டாரு. ஆனா எம்புள்ள பேரு இல்லாமப் போகக் கூடாது. பொறந்ததுலேர்ந்து கேட்டுக்கினு இருக்கேன். வீட்டுக்கு வந்ததும் வெச்சிக்கலாம்னு நீ தள்ளிக்கினே போறே. உயிரோட வந்தாத்தான் உனக்குப் புள்ளையா, சித்து?"

சுருக்கென்றது அவனுக்கு. பேர் இல்லாமல் இல்லை. பிள்ளை பிறந்த அன்று துணிமணி எடுக்கத் திண்டிவனம் போய்த் திரும்புகையில், மயிலம் கூட்ரோட்டில் பஸ் நின்ற நேரத்தில், தென்னரசு என்ற பேர் மனசில் வந்து உட்கார்ந்துகொண்டது. வாயைத் திறந்து சொன்னால் பிள்ளை தங்காதோ என்று பயம். ராகுகாலம் பார்க்கிறவனைக் கேலி பண்ணுகிற மனுஷனுக்கு இது எப்படி இருக்கிறது பாருங்கள்! வெளியில் மட்டும் 'ரிப்போர்ட் வரட்டும்' என்று சொல்லிக்கொண்டு திரிந்தான்.

"நீயே ஒரு பேரு வெய்யி. எங்க சாமி பேரா இருக்கணும்னு கட்டாயமில்ல" என்றாள் செல்வி. "ஊத்தாம வந்து ஊத்திட்டேன்னு மட்டும் நீ சொல்ல மாட்டே. அது போதும் எனக்கு."

குழந்தைகள் வார்டில் சித்ரா என்ற நர்ஸ் இருந்தாள். அவன் தயங்கித் தயங்கிச் சொன்னதைக் கேட்டு அவள் ஆச்சரியப்படவில்லை.

"பாய் வீட்டுக்காரங்க வந்தா காதுல பாங்கு சொல்லிட்டுப் போவாங்க. சில பேரு திருநீறு கொண்டாருவாங்க, பூசக் கூடாதுன்னு பொட்டி மேல வெக்கச் சொல்லுவோம். டாக்டரைக் கேட்டுட்டு வர்றேன், இருங்க."

திரும்பி வந்தவள் அவனைக் கை கழுவச் சொல்லி, சுத்தமான தண்ணீரை ஒரு சிரிஞ்சில் எடுத்துக் கொடுத்தாள். "மூணே சொட்டு சார். ஜல்தி."

சிரிஞ்ச் அவனுக்குப் புதுசா என்ன? பால்குடிப் பிள்ளைகளிடம் நரம்பைத் தேடி ரத்தம் எடுக்கிற கை அது, ஒரு தாய் இதுவரை குறை சொன்னதில்லை. இப்போது அந்தக் கையை அவனே நம்பவில்லை. இடது கையால் வலது மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டான்.

"பேரு இன்னா சார்?" என்றாள் சித்ரா.

அவன் குனிந்தான். பெட்டிக்குள் அந்தச் சின்ன மார்பு தூக்கித் தூக்கிப் போட்டது. இத்தனை நாளும் உள்ளே வரும்போதெல்லாம் பக்கத்து மிஷினில் ஓடுகிற நம்பரைத்தான் பார்த்துவிட்டுப் போயிருந்தான். இப்போதுதான் முகத்தைப் பார்த்தான். செல்வியின் மூக்கு. அதே கோபக்கார மூக்கு. அடப்பாவி, உன்னைப் பார்க்கவே இல்லையேடா நான் என்று உள்ளுக்குள் சொன்னான்.

"தென்னரசு" என்றான். சத்தம் எழும்பவில்லை. இன்னொரு தரம் சொன்னான். "தென்னரசு... தந்தை..." ஒரு சொட்டு விழுந்தது. "மகன்..." இரண்டாவது சொட்டோடு நிறுத்திவிட்டான். சித்ரா அவசரப்படுத்தாமல் நின்றாள். கண்ணைத் தோளில் துடைத்துக்கொண்டு மூன்றாவது சொட்டையும் விட்டு, மிச்சத்தையும் சொல்லி முடித்தான்.

செல்வி வாசலையே பார்த்துக்கொண்டு படுத்திருந்தாள்.

"ஊத்துனியா?"

"மூணு வாட்டி."

"நம்பிச் சொன்னியா?"

"இல்ல."

"அப்ப நெசமாவே ஊத்தியிருக்கே" என்றாள். அழுகையிலும் அவளுக்கு லேசாகச் சிரிப்பு வந்தது. "என்ன பேரு?"

சொன்னான். அவள் அதை வாய்க்குள் திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்துக்கொண்டாள்.

மறுநாள் மத்தியானம் மைக்கில் கூப்பிட்டார்கள். "பேபி ஆஃப் அன்புச்செல்வி, அட்டெண்டர் உள்ள வாங்க." சித்ராவின் முகத்தைப் பார்த்ததும் அவனுக்குப் புரிந்துவிட்டது. வெள்ளைத் துணியில் சுற்றிக் கையில் கொடுத்தார்கள்.

"அன்புச்செல்வி குழந்தைதானே?" என்றாள் பக்கத்திலிருந்த ஆயா.

"தென்னரசு" என்றான் அவன். "அவன் பேரு தென்னரசும்மா."

செல்வி மடியில் பிள்ளையை வாங்கிக்கொண்டாள். பிறகு அவனை நிமிர்ந்து பார்த்தாள்.

"ஆண்டவர்கிட்ட இருப்பான்ல, சித்து?"

மனசுக்குள் அவளே பதில் வைத்திருக்கிறாள், அவனுக்குத் தெரியும். இருந்தும் கேட்கிறாள். அந்த ஒரு நாளாவது ஆமாம் என்று சொன்னால் குடிமுழுகியா போய்விடும்? சொல்லிவிடத்தான் துடித்தான். முடியவில்லை.

"எனக்குத் தெரியல செல்வி" என்றான். அதற்குமேல் தாங்காமல் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து தேம்பினான். "ஆனா நான் அவனைப் பாத்தேன். பேரைச் சொல்லிக் கூப்ட்டு, நல்லாப் பாத்தேன்."

செல்வி துணியை விலக்கி அந்த மூக்கைத் தொட்டாள். "தென்னரசு" என்று கூப்பிட்டாள். அவனும் கூப்பிட்டான்.