மூணாம் மனுஷன்

யுத்தம் முடிந்ததும் ஆவடி ராணுவக் கிடங்கில் பழைய வண்டிகளை ஏலம் விட்டார்கள். பூந்தமல்லியில் மெத்தை தைக்கிற நஜீர், ஆம்புலன்ஸாக ஓடிய ஒரு வேனை எடுத்துவந்தார். காயம்பட்ட சிப்பாய்கள் படுத்துவந்த பலகைகளில் புதுப் பஞ்சு மெத்தை போட்டார். மூலையில் ஒரு ஸ்டவ், ஜன்னலுக்குப் பூப்போட்ட திரை. வேலை இல்லாத நாளில் குடும்பத்தோடு கோவளம் தர்காவுக்கோ பழவேற்காட்டுக்கோ போய், வண்டியிலேயே ஆக்கித் தின்று, அதிலேயே தூங்கி வருவார்கள். ஓட்டுவது நஜீரின் பெண்டாட்டி ஜுலைகாவின் தம்பி ஹபிபுல்லா. மிலிட்டரி லாரியில் கைபழகியவன்.

அந்த வருஷம்தான், இன்சூரன்ஸ் இல்லாமல் எந்த மோட்டாரும் ரோட்டில் ஓடக் கூடாது என்று சட்டம் வந்தது. குமணன்சாவடி ஏஜெண்ட் அய்யாசாமி வீட்டுக்கே வந்து விளக்கினார்.

"ரெண்டு தினுசு கீது பாய். ரோட்ல போற மூணாம் மனுஷன் மேல வண்டி ஏறிட்டா, அவனுக்குக் கம்பெனி குடுக்கும். சட்டத்துக்கு அது போதும். இன்னொண்ணு முழுசு. வண்டி ஒடைஞ்சாலும், ஓட்டறவரு, உள்ள குந்திகினு வர்றவங்க, யாருக்கு அடிபட்டாலும் குடுக்கும். பணம் கொஞ்சம் கூடுதலா ஆவும்."

"முழுசே போட்டுடுங்க. புள்ளைங்கல்லாம் போவுது" என்றாள் ஜுலைகா, கதவுக்குப் பின்னாலிருந்து.

நஜீருக்கு முகம் சுருங்கியது. "நம்மூட்டு ஆளுக்கு இப்பவே வெல பேசி வெக்கச் சொல்றியா? மூணாம் மனுஷனுக்குத்தான் கம்பெனி வேணும். நம்மாளை நாம பாத்துக்க மாட்டோமா?"

"வுடுக்கா" என்று ஹபிபுல்லா சிரித்தான். "மச்சான் கீற வரைக்கும் எனக்கு எதுக்குக் கம்பெனி? உன் மீன் கொழம்புக்கு வேணா போடச் சொல்லு. துன்றவனுக்குத்தான் ஆபத்து."

"ஊட்டு ஆளுங்க மூணாம் மனுஷன் கணக்குல வர மாட்டாங்க. அப்பால என்னைக் கேக்கக் கூடாது" என்றார் அய்யாசாமி.

"எப்டி வருவாங்க?" என்றார் நஜீர், பெருமையாக. சட்டத்துக்குப் போதுமானதை மட்டும் போட்டார்.

மழைக்கு முன்னால் ஒருநாள் திருமுல்லைவாயில் பக்கம் போனார்கள். ஏரிக்கரை மேட்டில் வண்டியை நிறுத்தி, எல்லாரும் இறங்கினார்கள். சக்கரத்துக்குக் கல் வைக்கக் குனிந்தான் ஹபிபுல்லா. பிரேக் பிடிக்கவில்லை. வண்டி பின்னால் உருண்டு, அவன் கால்கள் மேல் ஏறி, ஏரிக்குள் போய்க் கவிழ்ந்தது.

ஆஸ்பத்திரியில் ஒரு காலை எடுத்துவிட்டார்கள். மற்றது அழுக ஆரம்பித்தது. பட்டணத்துப் பெரிய டாக்டரிடம் போனால் காப்பாற்றலாம், ஆனால் நிறையச் செலவாகும் என்றார்கள். நஜீரின் கையில் இருந்த பணமெல்லாம் வண்டி வாங்கியதில் போயிருந்தது. வண்டி சேற்றில் கிடந்தது.

அப்போதுதான் நஜீருக்கு அந்த எண்ணம் வந்தது. ஹபிபுல்லாவைப் பின்தெருவில் தெரிந்தவர் வீட்டில் கொண்டுபோய்ப் படுக்கவைத்தார்.

"கம்பெனி ஆளு வருவான். ரோட்டோரமா நடந்து போய்கினு இருந்தேன்னு சொல்லு. என்னை யாருன்னே தெரியாதுன்னு சொல்லு."

"உன்னையா?"

"என்னைத்தான்."

ஹபிபுல்லாவின் பெண்டாட்டி ஜரினா, மிச்சமிருந்த காலைத் தடவிக்கொண்டே, "சொல்லிடுங்க" என்றாள்.

கம்பெனி ஆள் வந்தார். நஜீர் வாசற்படியோரம், வேற்றாள் மாதிரி கைகட்டி நின்றார்.

"இவரை முன்ன பின்ன தெரியுமா?"

"தெரியாது சார். வண்டிக்காரர்னு சொன்னாங்க."

கேட்டதற்கெல்லாம் சரியாகச் சொன்னான். அந்த ஆளும் எழுதி முடித்து எழுந்துவிட்டார். அந்த நேரம் பார்த்துக் காலில் வலி வெட்டி இழுத்தது.

"மச்சான், அக்காவக் கூப்புடு மச்சான்."

அவனைக் கோபித்துக்கொள்ளாதீர்கள், கண்ணுங்களா. வலியில் வாய்க்கு வேறென்ன வரும்? நஜீராவது நகராமல் நின்றிருக்கலாம். காய்ச்சலில் உளறுகிறான் என்றாவது சொல்லியிருக்கலாம். அவரோ பாய்ந்து போய் அவன் தலையை மடியில் வாங்கிக்கொண்டு, "இதோ கீறேன்டா, இதோ கீறேன்" என்று அழுதுவிட்டார்.

கம்பெனி ஆள் கெட்டவர் இல்லை. செருப்பை மாட்டிக்கொண்டே, "நான் இன்னா பண்ணட்டும் பாய்" என்றார்.

அடுத்த வாரம் அந்தக் காலையும் எடுத்துவிட்டார்கள். ஹபிபுல்லாவை நஜீர் தன் வீட்டுக்கே தூக்கிவந்தார். குளிப்பாட்டுவதும் திருப்பிப் போடுவதும் அவர்தான். கோபம் என்று ஒன்றும் இல்லை. ஆனால் அவரைக் கூப்பிட ஹபிபுல்லாவுக்கு அதற்குப் பிறகு வாய் வரவே இல்லை. தண்ணீர் வேண்டுமென்றால் விரலால் சுவரைத் தட்டுவான்.