தெரியாது என்பதற்கு ஆதாரம்

தொழில் உலகின் மேலான கவனத்திற்கு: கனரகக் கட்டுமானத் துறையின் தூண்களில் ஒருவரும், நான்கு நிறுவனங்கள் அடங்கிய பெருங்குழுமத்தின் தலைவரும், எங்கே இருக்கிறதென்று யாருக்கும் தெரியாத ஒரு பல்கலைக்கழகத்தின் கௌரவ டாக்டருமான பெருந்தகை, வருகிற வியாழக்கிழமை காலை, தமக்குத் தொழில்நுட்பம் ஒன்றுமே தெரியாது என்பதை உரிய சாட்சிகளுடன் நிரூபிக்கவிருக்கிறார்.

நிரூபிக்கத் தவறினால் வீடு போய்விடும்.

குழுமத்தைப் பற்றிச் சில வார்த்தை. நான்கு நிறுவனங்களும் டயர் கடைக்கு மேலே ஒரே அறையில் இயங்கின. நான்குக்கும் ஒரே தொலைபேசி. எந்த நிறுவனத்தைக் கேட்டு யார் கூப்பிட்டாலும் மச்சினன்தான் எடுப்பான். "ஒரு நிமிஷம் சார், அந்தப் பிரிவுக்கு மாத்தறேன்" என்று சொல்லிவிட்டு, தொண்டையைக் கனைத்துக்கொண்டு அவனே பேசுவான். ஊழியர்கள் எல்லோரும் அவரைச் சேர்மன் என்றுதான் அழைத்தார்கள். ஊழியர்கள் என்றால் மச்சினன். சேர்மனின் மனைவி நிர்வாக இயக்குநர். காகிதத்தில் கையெழுத்துப் போட வேண்டிய நாளில் மட்டும் அவருக்கு அந்தப் பதவி நினைவூட்டப்படும்.

சேர்மன் உண்மையில் செய்த வேலை இதுதான். தொழிற்சாலைக்காரர்கள் வரைபடம் கொடுப்பார்கள். அவர் அதை மேஸ்திரியிடம் கொடுப்பார். மேஸ்திரி கட்டுவார். சேர்மன் வெள்ளை ஹெல்மெட்டுடன் பக்கத்தில் நின்று, "நல்லா ஸ்ட்ராங்கா இருக்கணும்" என்பார். இதில் கேவலம் ஒன்றுமில்லை. ஆட்களைத் திரட்டுவதும், சிமெண்ட் லாரியை நேரத்துக்கு வரவழைப்பதும், மழையிலும் வேலை நிற்காமல் பார்த்துக்கொள்வதும் எல்லோராலும் ஆகிற காரியமல்ல. அதை அவர் நன்றாகவே செய்தார். ஆனால் செய்ததைச் சொல்லிக்கொள்ள அவருக்கு வெட்கமாக இருந்தது. ஆகவே செய்யாததைச் சொல்லிக்கொண்டார்.

அதற்கென்று ஒரு விளம்பரப் புத்தகம் போட்டார். கெட்டி அட்டை, பொன்னெழுத்து, அட்டையில் கைகட்டிக்கொண்டு அவர். பின்னால் தெரிகிற அணை அவர் கட்டியதல்ல. உல்லாசப் பயணம் போன இடத்தில் எடுத்த படம். உள்ளே, "கணக்கிடுவதும் நாமே, வடிவமைப்பதும் நாமே, கட்டி எழுப்புவதும் நாமே" என்று மச்சினன் எழுதியிருந்தான். "கணக்கிடுறதுன்னா என்ன மாமா?" என்று எழுதும்போதே கேட்டான். "அதெல்லாம் படிக்கிறவனுக்குத் தெரியும், நீ எழுதுடா" என்றார் சேர்மன்.

இந்த நிலையில்தான் ஓர் உரத் தொழிற்சாலை, மாடி வீடு அளவுக்குப் பெரிய கம்ப்ரசர் இயந்திரத்துக்கு அடித்தளம் கட்டித்தரச் சொன்னது. வரைபடம் தொழிற்சாலையின் பொறியாளர் போட்டது. போட்டவர் கையெழுத்துப் போடாமலே வேறு நாட்டில் வேலை கிடைத்துப் போய்விட்டார். வரைபடத்தின் மூலையில் 'வடிவமைத்தவர்' என்று ஒரு கட்டம் காலியாக இருந்தது. காலியிடத்தைக் கண்டால் சேர்மனின் கை சும்மா இருக்காது. நான்கு சிங்கங்கள் உறுமும் தமது ரப்பர் முத்திரையை எடுத்து, மை ஒற்றி, அந்தக் கட்டத்துக்குள் பளிச்சென்று குத்தினார். பார்க்க அழகாக இருந்தது.

இயந்திரத்தை ஏற்றி ஓட்டிய அன்றே அடித்தளம் விண்டுபோயிற்று. யாருக்கும் அடியில்லை, இயந்திரத்துக்குத்தான் அடி. ஒப்பந்தப்படி, வடிவமைத்தவர் யாரோ அவர்தான் பொறுப்பு. வேலையை ஒழுங்காக முடிப்பேன் என்பதற்கு ஈடாகச் சேர்மன் தம் வீட்டுப் பத்திரத்தை வங்கியில் வைத்திருந்தார். பொறுப்பு அவருடையது என்று தீர்ப்பானால் வீட்டை வங்கி எடுத்துக்கொள்ளும். வழக்கு, ஓய்வு பெற்ற நீதிபதி ஒருவரின் முன்னால், நடுவர் விசாரணைக்கு வந்தது.

"வழக்கு ரொம்ப சிம்பிள் சார்" என்றார் சேர்மனின் வக்கீல். "உங்களுக்கு டிசைன் தெரியாதுன்னு நடுவர் நம்பிட்டா ஜெயிச்சோம். நம்பலைன்னா சாமான் கட்ட ஆரம்பிச்சிடுங்க."

"தெரியாதுன்னு எப்படிங்க சொல்றது?"

"வாயாலதான் சார். எங்க, ஒரு தடவை சொல்லுங்க."

சேர்மன் நிமிர்ந்து உட்கார்ந்தார். "வடிவமைப்புத் துறையில் எனக்குள்ள ஈடுபாடு ஒப்பீட்டளவில் சற்றுக் குறைவானது."

"சார்."

"அதில் நான் முழுக் கவனம் செலுத்த நேரம் வாய்க்கவில்லை."

"வீடு சார், வீடு."

"எனக்கு" என்று தொடங்கிய சேர்மன் நிறுத்தினார். தண்ணீர் குடித்தார். "எனக்கு டிசைன் தெரியாது" என்று மேசையைப் பார்த்துச் சொன்னார். வக்கீல் இன்னொரு தடவை சொல்லச் சொன்னார். சேர்மன் எழுந்து கழிப்பறைக்குப் போனவர் வெகுநேரம் வரவில்லை.

வீட்டில் மனைவி காத்திருந்தாள். அது அவள் அப்பா விட்டுப்போன மனையில் கட்டிய வீடு. பத்திரத்தை வங்கியில் வைக்கப்போகிறோம் என்று தெரியாமல்தான் நிர்வாக இயக்குநர் கையெழுத்துப் போட்டிருந்தார்.

"சொல்லிடுவீங்கதானே?"

"சொல்லத்தான் பாக்கறேன். வாய் வரமாட்டேங்குதுடி."

"என்கிட்ட இத்தனை வருஷமா எவ்வளவு பொய் சொன்னீங்க, சரளமா வந்துச்சே. ஒரே ஒரு உண்மைக்கு இந்தப் பாடா?" அவள் குரல் உடைந்தது. முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "சரி விடுங்க. நானே வந்து சொல்றேன். உங்களுக்கு ஒண்ணும் தெரியாதுன்னு என்னைவிட யாருக்குத் தெரியும்?"

கட்டிய பெண்டாட்டி இப்படிக் கேட்டால் மற்ற நாளில் அவர் சோற்றைத் தள்ளிவிட்டு எழுந்திருப்பார். அன்று அவளை நன்றியோடு பார்த்தார்.

வியாழக்கிழமை. வாடகைக்கு எடுத்த ஓர் அலுவலக அறை, நீள மேசை, சத்தம் போடும் ஏ.சி. நடுவர் பேசுகிறபோதே "கமா" "முற்றுப்புள்ளி" என்று சேர்த்துச் சொல்லிப் பழகியவர். அவருடைய மௌனத்தில்கூட ஒரு பத்தி பிரிந்தது.

முதலில் மனைவி சாட்சி சொன்னாள்.

"ஐயா, இவருக்கு ஒண்ணுமே தெரியாதுங்க. எங்க வீட்டுக் குளியலறையில தண்ணி ஒழுகிட்டே இருக்கு. 'பிரஷர் கூடியிருக்கு, தானா அடங்கும்'னாரு. இன்னும் அடங்கல. ஜன்னலுக்குத் திரை மாட்ட அளவெடுத்தாரு, திரை பக்கத்து வீட்டு ஜன்னலுக்குத்தான் சரியா இருந்துச்சு. வரைபடம்னு வந்தா, அதைச் சுருட்டிக் கரப்பான் அடிக்கறதைத்தான் நான் பாத்திருக்கேன். மேஸ்திரி கட்டுவாரு, இவர் ஹெல்மெட் போட்டுட்டு நிப்பாரு. அவ்வளவுதாங்க இவர் உத்தியோகம்."

சேர்மன் தலையைக் குனிந்து, ஆமாம் ஆமாம் என்று ஆட்டிக்கொண்டிருந்தார். காது மட்டும் சிவந்திருந்தது.

நடுவர் கண்ணாடியைக் கழற்றினார். "அம்மா, நான் நாற்பது வருஷம் நீதித்துறையில இருந்தவன். புருஷனுக்கு ஒண்ணும் தெரியாதுன்னு சொல்லாத மனைவியை இதுவரைக்கும் நான் பார்த்ததில்லை. என் வீட்லயும் அப்படித்தான். இதைச் சாட்சியமா எடுத்துக்க முடியாது, முற்றுப்புள்ளி."

அடுத்து, தொழிற்சாலையின் வக்கீல் எழுந்தார். கையில் பொன்னெழுத்துப் புத்தகம்.

"டாக்டர் அவர்களே, இது உங்க புத்தகம்தானே?"

"டாக்டர்லாம் இல்லீங்க. அது காசு கொடுத்து..." சேர்மன் திக்கினார். "அஞ்சல்ல வந்துச்சுங்க."

"வடிவமைப்பதும் நாமேன்னு போட்டிருக்கே?"

"அது சும்மா போட்டதுங்க. எனக்கு டிசைன் தெரியாது." சொல்லிவிட்டார். எதிர்பார்த்ததைவிட எளிதாக இருந்தது. இன்னொரு முறை சொன்னார். "சத்தியமா தெரியாதுங்க. நான் ஆள் புடிச்சு வேலை வாங்கறவன். அந்த முத்திரை சும்மா அழகுக்குக் குத்தினதுங்க ஐயா."

"பெரிய மனுஷங்க எல்லாம் இப்படித்தான் தன்னடக்கமா பேசுவாங்க" என்று நடுவர் புன்னகைத்தார். வாழ்நாளெல்லாம் எந்தப் பார்வைக்காகச் சேர்மன் ஏங்கினாரோ அதே பார்வை, மேசைக்கு அந்தப் பக்கமிருந்து அவரைக் கனிவாகப் பார்த்தது.

"ஐயா, தன்னடக்கம் இல்லீங்க!" அவர் எழுந்தே விட்டார். "முட்டாள்தனம்! என்னைச் சோதிச்சுப் பாருங்க. என்ன வேணும்னாலும் கேளுங்க. ஒண்ணுக்காவது சரியா சொல்றேனான்னு பாருங்க!"

அவருடைய வக்கீல் அவரது கோட்டு நுனியைப் பிடித்து இழுத்தார். இழுத்தது போதவில்லை.

தொழிற்சாலைத் தரப்பில் வந்திருந்த நிபுணர், வயதான பேராசிரியர், வரைபடத்தை விரித்தார். "கீழ் வரிசையில பதினாறு எம்.எம். கம்பி போட்டிருக்கு. அது எத்தனை எம்.எம். இருந்திருக்கணும்னு உங்க அபிப்பிராயம்?"

சேர்மன் வேகவேகமாக யோசித்தார். பதினாறு என்றால் வரைபடத்தைப் பார்த்துச் சொன்னதாக ஆகிவிடும். பதினெட்டு, இருபது என்றால் விவரம் தெரிந்தவன் போலத் தோன்றும். கேட்டவர்கள் சிரிக்க வேண்டும். சுத்தப் பைத்தியக்காரன் என்று எழுதிக்கொள்ள வேண்டும்.

"முப்பத்திரண்டு" என்றார்.

யாரும் சிரிக்கவில்லை. பேராசிரியர் தம் குறிப்பேட்டைப் புரட்டினார், கணக்கு இயந்திரத்தில் எதையோ தட்டினார், பிறகு மரியாதையோடு தலையை உயர்த்தினார்.

"சரியான விடை."

"இல்லீங்க!" என்று சேர்மன் அலறினார். "வாயில வந்ததைச் சொன்னேன்! பல்லு எத்தனை, முப்பத்திரண்டு, அதைச் சொன்னேங்க!"

"நாங்க மூணு பேர் ஒரு வாரம் உட்கார்ந்து போட்ட கணக்கு இது" என்றார் பேராசிரியர். "இவர் மனசாலயே போட்டுட்டார்."

நடுவர் எழுதத் தொடங்கியிருந்தார். சரியான அளவு தெரிந்திருந்தும், கமா, பாதி அளவில் கட்ட அனுமதித்தது, கமா...

"ஐயா, இன்னொரு கேள்வி கேளுங்க! ஒண்ணே ஒண்ணு! தப்பா சொல்றேன்!" சேர்மன் இரண்டு கைகளையும் மேசைமேல் ஊன்றிக் கெஞ்சினார். அவர் மனைவி அவருடைய முழங்கையைப் பிடித்து உட்காரவைத்தாள்.

படிக்கட்டில் இறங்கும்போது அவள் கேட்டாள். "நிஜமாவே தெரியாமத்தான் சொன்னீங்களா?"

"தெரியாதுடி. அம்மா மேல சத்தியம்."

"ஒரு தடவை. வாழ்க்கையில ஒரே ஒரு தடவை. தப்பா சொல்லணும்னு போன இடத்துலயா..." கைப்பிடியைப் பற்றிக்கொண்டு படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். அவரும் பக்கத்தில் உட்கார்ந்தார். ஏறி இறங்குகிறவர்கள் அவர்களைச் சுற்றிக்கொண்டு போனார்கள்.

தீர்ப்பு தடித்த காகிதத்தில் வந்தது. வங்கியிலிருந்தும் ஆள் வந்தார். அவருடையது மெல்லிய காகிதம். வீட்டைக் காலி செய்கிற அன்று காலை, கட்டிவைத்த பெட்டிகளுக்கு நடுவே சேர்மன் தீர்ப்பைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். மூன்றாம் பக்கத்தை மச்சினனுக்குப் படித்துக் காட்டினார்.

"'எதிர்மனுதாரர் வடிவமைப்புக் கலையில் அசாதாரணமான ஆழ்ந்த ஞானம் உடையவர் என்பதில் இந்த நடுவருக்கு ஐயமில்லை.' கேட்டியாடா? நீதிபதியா இருந்தவர் எழுதியிருக்காரு."

"ஆமா மாமா" என்றான் மச்சினன். பீரோவின் ஒரு முனையைத் தூக்கிப் பிடித்திருந்தான். மறுமுனையைத் தூக்க ஆளில்லை.

"ஞானம்னு போட்டிருக்காரு. சும்மா அறிவுன்னு போடல." இன்னொரு முறை படித்தார். பாதியில் கண் மறைத்தது. "ஒருவேளை எனக்குத் தெரிஞ்சுதான் இருந்திருக்குமோ?"

மனைவி வாசலிலிருந்து திரும்பிப் பார்த்தாள். திட்டுவாள் என்று எதிர்பார்த்தார். அவள் வந்து தீர்ப்பை அவர் கையிலிருந்து வாங்கி, மடித்து, அவருடைய சட்டைப்பையில் வைத்தாள்.

"பீரோவைப் புடிங்க" என்றாள்.

சேர்மன் அளவு சொல்லிப் பேசிய வண்டியில் சாமான்களில் பாதிதான் ஏறியது.