ஐஸுக்கு ஒரு சிபாரிசுக் கடிதம்

மே தினத்தன்று முதலாளிகளைத் திட்டிப் பேச ஆள் வேண்டுமென்றால் பாண்டி தட்டாஞ்சாவடித் தொழிற்பேட்டையில் என்னைத்தான் கூப்பிடுவார்கள். பதினோரு வருஷமாக அங்கே ஒரு பைப் கம்பெனியில் வேலை, அதில் ஏழு வருஷமாகச் சங்கச் செயலாளர். ராஜவேல் என்றால் தொண்டைதான் ஞாபகம் வரும். அந்தத் தொண்டையால் என் வீட்டுக்கு ஐஸ் நின்றுபோனது.

என் மனைவி கலைவாணி பிள்ளைச்சாவடிக் கரையில் மீன் ஏலம் எடுத்துப் பாண்டி பெரிய மார்க்கெட்டில் விற்பவள். எங்கள் பக்கத்தில் அப்போது ஐஸ் கம்பெனி ஒன்றே ஒன்று, பக்கிரியுடையது. இன்னொருவன் தொடங்க மனுப் போட்டால், அதை எந்த மேசையில் தூங்க வைக்க வேண்டும் என்பது அவருக்குத் தெரியும். 2005 தீபாவளிக்கு அவருடைய ஆட்களுக்குப் போனஸ் கேட்டு அவர் வாசலில் பதினேழு நாள் கோஷம் போட்டேன். போனஸ் வரவில்லை. பதினெட்டாம் நாள் கலைவாணி ஐஸ் வாங்கப் போனபோது, "ஒம் புருஷன் தொண்டையில நெறைய இருக்கு, அங்க போய் வாங்கிக்க" என்று திருப்பி அனுப்பிவிட்டார்.

அதன்பின் மூன்று மாதம் அவள் தினமும் போய்க் கும்பிட்டாள். மனசு வந்தால் ஒரு பார் ஐஸ்கட்டியில் பாதியை உடைத்துத் தருவார், வராத நாளில் இல்லை. ஐஸ் இல்லாத மீன்காரி பதினோரு மணிக்குள் விற்றாக வேண்டும். அது தெரிந்தவர்கள் பத்தே முக்காலுக்குத்தான் பையைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள்.

தை மாதம் நெல்லித்தோப்பிலிருந்து ஸ்டெல்லாமேரி என்ற அம்மா வந்தார். மகள் கல்யாணத்துக்கு நாற்பது கிலோ வஞ்சிரம் வேண்டுமாம், இரண்டு நாள் கழித்து மதிய விருந்துக்கு. கலைவாணி தலையாட்டிவிட்டாள். மறுநாள் விடிந்ததும் கைமுதல் முழுவதையும் போட்டு ஏலத்தில் எடுத்தாள். மீன் கெட்டால் கைமுதலும் போகும், ஒரு கல்யாணப் பந்தியும் கெடும்.

"தட்டாஞ்சாவடியில பக்கிரியையும் மீறி லூர்துபிரகாஷுன்னு ஒருத்தர் புதுசா ஐஸ் கம்பெனி தொறந்திருக்காராம். போய் ஆறு பாரு வாங்கியாய்யா" என்றாள்.

எனக்குச் சிரிப்பு வந்தது. "முன்ன பின்ன தெரியாதவன் எப்புடிக் குடுப்பான்? அதுவும் எனக்கு? மொதலாளிங்க எல்லாம் ஒருத்தனுக்கு ஒருத்தன் போன் போட்டுச் சொல்லியிருப்பானுங்க."

விவரம் தெரிந்தவன் என்ற நினைப்பில் நேராகக் கட்சிப் பிரமுகர் ஒருவர் வீட்டுக்குப் போனேன், சிபாரிசுக் கடிதம் வாங்க. அவர் குளித்தார். பூஜை செய்தார். பேப்பரை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம்வரை படித்தார். நான் வாசலில் நின்றேன். கலைவாணி டெலிபோன் பூத்திலிருந்து என் செல்லுக்கு இரண்டு முறை கூப்பிட்டுவிட்டாள்.

"மீன் கண்ணு மங்குதுய்யா. எங்க இருக்க நீ?"

"லெட்டரு எழுதிக்கினு இருக்காரு."

"ஐஸுக்கு எதுக்குய்யா லெட்டரு?" அவள் குரல் உடைந்துவிட்டது.

கடிதம் கைக்கு வந்தபோது மணி எட்டரை. வழியில் ஒரு சீப்பு வாழைப்பழமும் வாங்கிக்கொண்டேன். வெறுங்கையோடு போகக்கூடாது அல்லவா.

லூர்துபிரகாஷ் மேசைக்குப் பின்னால் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார். முப்பது வயது இருக்கும். நான் செருப்பை வெளியே கழற்றிவிட்டு, பழத்தை மேசையில் வைத்து, அதன்மேல் கடிதத்தை வைத்து, கைகட்டி நின்றேன். மேடையில் நான் பேசும் பேச்சைக் கேட்டவர்கள் அந்தக் கோலத்தைப் பார்த்திருக்கக்கூடாது.

"எத்தன பாரு?" என்றார்.

"சார், அந்த லெட்டர ஒரு தடவ…"

"ஐஸுக்கு எதுக்குங்க லெட்டரு? எத்தன பாரு?"

ஒளித்து வைத்துப் பின்னால் தெரிந்தால் அசிங்கம் என்று நானே சொன்னேன். "சார், நான் ராஜவேலு. சங்கத்துச் செயலாளர். பக்கிரி கம்பெனி வாசல்ல பதினேழு நாள் கத்துனவன்."

"அப்புடியா." டீயைக் குடித்து முடித்தார். "எத்தன பாருன்னு நீங்க இன்னும் சொல்லல."

சுவரில் எழுதியிருந்த விலையைக் கொடுத்தேன். ஆறு பார், சாக்கில் சுற்றி லோடு ஆட்டோவில் ஏறியது. கிளம்பும்போது அவர் பின்னாலேயே வந்து பழத்தையும் கடிதத்தையும் கையில் திணித்தார். கடிதம் மடித்தபடியே இருந்தது. ஆட்டோவில் ஐஸ்மேல் கை வைத்துக்கொண்டே வந்தேன். கண்ணில் தண்ணீர் நின்றபாடில்லை. என் பேரைக் கேட்காமல், குலம் கோத்திரம் விசாரிக்காமல், காசை வாங்கிப் பொருளைக் கொடுத்தான் ஒருவன். மரியாதை என்றால் இதுதான் என்று எனக்குப் பட்டது. முப்பத்தெட்டு வயசில் இது தெரிய வந்ததில் கொஞ்சம் வெட்கமும் இருந்தது.

மீன் பிழைத்தது. மறுநாள் பந்தியில் வஞ்சிரம் மூன்றாம் முறை கேட்டு வாங்கினார்களாம்.

இரண்டு மாதத்தில் பக்கிரியிடமிருந்து நான்கு தொழிலாளிகள் புதுக் கம்பெனிக்குப் போய்விட்டார்கள். மிச்சப் பேரை நிறுத்திவைக்க அவர் கூலியை ஏற்றினார். அந்தச் செய்தியைச் சொன்ன அரிகிருஷ்ணன், போனஸுக்காக என் பக்கத்தில் நின்று கோஷம் போட்டவன், என் முகத்தைப் பார்க்காமல் சொன்னான். பதினேழு நாள் கோஷத்தால் ஆகாதது ஒரு போட்டிக் கம்பெனியால் ஆகிவிட்டதே என்று எனக்கும் உள்ளே சுருக்கென்றது. ஆனால் அவன் வீட்டில் அடுப்பு கூடுதலாக எரிவதில் எனக்கு என்ன வருத்தம்?

ஒரு நாள் காலை பக்கிரியின் வண்டி எங்கள் வாசலில் நின்றது. அவரே இறங்கினார்.

"ஐஸ் வேணுமாம்மா கலைவாணி? ஊட்டாண்டையே எறக்கித் தரேன். எத்தன பாரு?"

அவள் மீன் செதிள் உரிப்பதை நிறுத்தவில்லை. "என்னா வெல?"

சொன்னார். லூர்துபிரகாஷ் விலைக்கு ஐந்து ரூபாய் குறைவு. "ரெண்டு எறக்குங்க" என்றாள்.

வண்டி போனதும் நான் குதித்தேன். "அவன்கிட்டயா வாங்குற? மூணு மாசம் கும்புட வச்சானே ஒன்ன."

கலைவாணி ஐஸை உடைத்து மீன்மேல் பரப்பிக்கொண்டிருந்தாள்.

"இப்ப நான் கும்புடலியே" என்றாள்.