பெண் கேட்கப் போன ஏரிவழி

பெண் கேட்கப் புறப்பட்டவன் பாதி வழியில் திரும்புவது எங்கள் தபினாயெவ் குடும்பத்தில் கிடையாது. பனி இளகும் ஏப்ரல் மாதம். உறைந்த பைக்கால் ஏரிமேல் வண்டி ஓடும் பனிப்பாதையை மூடிவிட்டார்கள். பெருங்காற்று என்பதால், பனிமேலும் தண்ணீர்மேலும் வழுக்கி ஓடும் காற்றுப் படகும் அன்று ஓடவில்லை. இர்கூத்ஸ்கில் சம்பந்தியாகப் போகிற வீட்டார் அன்றைக்குத்தான் வரச் சொல்லியிருந்தார்கள். மாப்பிள்ளையான என் மகன் எர்தெமையே வண்டியை எடுக்கச் சொன்னேன்.

எங்கள் தீவின் கரையிலிருந்து பனிமேல் இறங்கும்போதே இருக்கைப் பட்டையைக் கழற்றிவிட்டு, கதவுகளைத் திறந்து கையால் பிடித்துக்கொண்டோம். ஏரிமேல் போகும் எங்கள் ஊரார் எல்லாரும் அப்படித்தான். வண்டி மூழ்கினால் குதிக்க வழி வேண்டும். பனிக்கட்டி இளகிக் கறுத்திருந்தது. நடு ஏரியில் துப்பாக்கி வெடித்தது போல ஒரு சத்தம் கிளம்பி, எங்கள் அடியிலேயே நீளமாக ஓடிப் போயிற்று.

எதிரே விரிசல். அதில் தண்ணீர் ஏறிக்கொண்டிருந்தது. திரும்பிவிடலாமா என்று எர்தெம் கேட்டான். நான் முன்னால் கை காட்டினேன்.

"அப்ப நீங்க இறங்கி நடந்து தாண்டுங்கப்பா. பாரம் குறையட்டும். நான் தனியா ஓட்டிட்டு வரேன்."

தாண்டி நின்று பார்த்தேன். பின்சக்கரம் தண்ணீருக்குள் இறங்கியது. வண்டியோடு என் பிள்ளையின் தலையும் ஒரு பக்கமாகச் சாய்ந்தது. வண்டி உறுமி மேலே ஏறியபோது நான் நின்ற பனிக்கட்டியும் ஆடிற்று. நானும் ஏறிக்கொண்டேன்; அக்கரை போய்ச் சேர்ந்தோம்.

இர்கூத்ஸ்கில் சம்பந்தி கென்னாதியின் வீடு பழைய மரவீடு. அடிப்பாகம் மண்ணில் அமிழ்ந்து, பூவேலை செய்த சன்னல்கள் தெரு மட்டத்திலேயே நிற்கும். மீன் அடையும் தேநீரும் வைத்தார்கள்.

"காத்துப் படகு ஓடலைன்னாங்களே, எப்படி வந்தீங்க? தீவுக்காரங்களுக்கு மூழ்கவே தெரியாதோ, சம்பந்தி?" என்று கென்னாதி சிரித்தார்.

பனி கல் மாதிரி இருக்கிறது, உங்கள் கடைத்தெருவைவிட நல்ல பாதை என்றேன். எர்தெம் குனிந்து சாப்பிட்டான். வெளியார் முன் தகப்பன் பேச்சை மறுக்கும் பிள்ளையாக நான் அவனை வளர்க்கவில்லை.

அப்போதுதான் நாங்கள் கேட்கப் போன பெண் வர்வாரா சொன்னாள்: "அப்ப நாளைக்கே நானும் உங்ககூட வரேன் மாமா. அத்தையைப் பார்க்கணும். பாதை நல்லா இருக்குன்னு நீங்களே சொல்லிட்டீங்களே."

போய்விட்டு வரட்டுமே என்றார் கென்னாதி. பெண்ணின் தாய் கம்பளிச் சால்வை எடுக்க உள்ளே போனாள். எர்தெம் என்னைப் பார்த்தான். முகம் வெளுத்திருந்தது. நான் போகலாம் என்றால் அவளையும் ஏற்றிக்கொண்டு அந்தத் தண்ணீரில் இறங்குவான். திறந்த கதவைப் பிடித்தபடி அந்தப் பெண் உட்கார்ந்திருப்பது என் கண்ணில் தெரிந்தது. கோப்பையைக் கீழே வைக்கப் பார்த்தேன். தேநீர் அங்கியில் கொட்டியது.

"வேண்டாம்மா," என்றேன். "நான் சொன்னது பொய். சக்கரம் தண்ணிக்குள்ள போச்சு. எனக்கு இன்னும் உடம்பு நடுங்குது."

கென்னாதி சிரிக்கவில்லை. மேசை மேலிருந்த எங்கள் வண்டிச் சாவியை எடுத்துத் தன் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். படகு ஓடும் வரை ரெண்டு பேரும் இங்கதான் என்றார்.

பெண் கேட்கும் வார்த்தையை நான் இன்னும் சொல்லியிருக்கவில்லை. கை நடுக்கம் நிற்கட்டும் என்று காத்திருந்தேன். அது நிற்பதாக இல்லை. அப்படியே எழுந்து நின்று கேட்டேன்.