புது ஜோடி கையுறை

…அதெப்படி, புஷ்பமேரிக்கு மட்டும் புதுசு, பொம்மிடியிலிருந்து வந்து சேர்ந்து நாலு மாதம் ஆகவில்லை, ஸ்டோரில் இருந்ததே ஒரு புது ஜோடி ரப்பர் கையுறை, அதை அவளுக்கு வைங்க சிஸ்டர், பேஷண்டுக்கு மஞ்சள்காமாலை, ரத்தம் மூலமா ஒட்டிக்கும், சின்னப் பொண்ணு என்கிறார் டாக்டர், அறுபத்தாறாம் வருஷத்திலிருந்து அவர் பக்கத்தில் நின்று கத்தரியும் நூலும் எடுத்துக் கொடுத்தவள் ராஜமேரி, அவளுக்காக யாராவது இப்படிச் சொன்னதுண்டா, சைக்கிள் ட்யூபுக்குப் போடுகிற மாதிரி ஒட்டுப் போட்டு, கழுவி, பவுடர் தடவி, மறுபடி அதே கையுறை… போன வருஷம் வியாகுலம் சிஸ்டர் கையில் பேஷண்டுக்குப் போட்ட ஊசி குத்தி, காமாலையில் கண்ணை மூடினாளே, அப்போதுகூட உனக்கு எப்படி இருக்கு என்று ஒரு வார்த்தை? இன்றைக்கு ஆபரேஷன் மேசையருகில் புஷ்பமேரி, ராஜமேரி தள்ளி நின்று கையுறை மூட்டையைப் பிரித்துக் கொடுக்க வேண்டுமாம், வயிறு எரியாதா, எரிகிறதுதான். புதுசைக் கையிலெடுத்தாள், பழகிய பழக்கம், ஊதி, கையுறையின் வாயை முறுக்கிக் கன்னத்தருகே பிடித்தாள்… கட்டைவிரல் நுனியிலிருந்து மெல்லிசாகக் காற்று. இன்னொரு தரம். அதே இடம். புதுசை யாரும் ஊதிப் பார்ப்பதில்லை, அப்படியே துணியில் கட்டி, கிருமி சாக ஆவியில் வைத்துவிட்டால், டாக்டர் சொன்னதைத்தானே செய்தேன், யார் கேட்கப் போகிறார்கள்… சேசுவே, என்ன நினைப்பு இது. "பாத்துட்டீங்களாக்கா? நீங்க பாத்துட்டா அப்பறம் நான் பாக்க வேண்டியதில்லீங்க," கதவருகில் புஷ்பமேரி. "பாத்துட்டேன், போ." இருவருக்கும் ஒரே அளவுக் கை. தன் ஜோடியை, ஒட்டு இருந்தாலும் காற்றுக் கசியாததை, மடித்து வைத்துக் கட்டினாள்.

மத்தியானம் தியேட்டரில் மூட்டையைப் பிரித்ததும் நடுவிரலில் ஒட்டு பளிச்சென்று தெரிந்தது. "புதுசு எங்கீங்கக்கா?" என்றாள் புஷ்பமேரி. "அதுல ஓட்டை." அவள் அந்த நடுவிரலையே பார்த்தபடி மாட்டிக்கொண்டாள், டாக்டர் முகமூடிக்கு மேலே ஒரு பார்வை பார்த்துவிட்டுக் குனிந்துகொண்டார், பொறாமையில் எடுத்து ஒளித்துவிட்டேன் என்றுதானே நினைக்கிறார்கள், நினைக்கட்டும், அந்தக் கையுறை அலமாரியில்தான் கிடக்கிறது, தண்ணீரில் அமுக்கினால் குமிழி வரும், கொண்டுவந்து காட்டினால் அவர் முகம் என்ன ஆகும்… காட்டலாம்தான். ஆனால் கன்னத்தில் காற்று பட்டதே, அந்த நொடி எரிந்த வயிறு சட்டென்று குளிர்ந்ததே, அது ஓட்டையைக் கண்டுபிடித்துவிட்டோம் என்றா குளிர்ந்தது?