சூட்டு மாத்திரை

கூட்டேரிப்பட்டில் மருந்துக்கடை நடத்தும் எலிசாவுக்குப் பலித்த மருந்தைவிடப் பலிக்காத மருந்தின் மேல்தான் ஆர்வம் அதிகம். அன்று காலை கிருஷ்ணவேணி கொண்டுவந்தது அப்படிப்பட்ட ஒன்றை.

"எலிசா, இதவிட வீரியமா வேற மாத்திர ஜல்தி குடும்மா. மூணு நாளாச்சு, அவருக்குக் காய்ச்சல் இறங்கல. நாளைக்கும் இப்படியே இருந்தா அட்மிட் பண்ணணும்னு டாக்டர் சொல்லிட்டாரு."

கணவர் குமரேசனுக்கு, மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, பிடுங்கிய கொல்லையில் ஏதோ கடித்து உண்ணிக் காய்ச்சல். திண்டிவனத்து டாக்டர் ரத்தம் பார்த்து, டாக்ஸிசைக்ளின் எழுதியிருந்தார். தினம் இரண்டு வேளை, ஏழு நாள்.

"சீட்டு இல்லாம மாத்தித் தர மாட்டேங்க்கா" என்றாள் எலிசா. சரியான மருந்து. பெரும்பாலும் இரண்டு நாளில் காய்ச்சலை இறக்கிவிடும். அப்படியானால் உள்ளே போன மருந்து எங்கே போகிறது?

"நேத்து காலைல எப்படிப் போட்டாரு? நடந்தத அப்படியே சொல்லுங்க."

"இன்னாடி, போலீஸ் மாதிரி கேக்கற? அது சூட்டு மாத்திர. மொத நாளே நெஞ்சு எரியுதுன்னாரு. அதான் கேப்பைக் கூழ்ல மோர் ஊத்தி, அதோடவே முழுங்கச் சொல்றேன். முழுங்கினதும் படுத்துக்குவாரு. கூடவே ரெண்டு ஸ்பூன் ரோஸ் கலர் மருந்து."

"எந்த ரோஸ் கலர்?"

"வயித்தெரிச்சலுக்கு நீ குடுத்ததுதான்."

எலிசாவுக்கு அது நினைவு வந்தது. யாருக்கு, வேறென்ன மாத்திரை போடுகிறார் என்று அன்றைக்குக் கேட்காமலே எடுத்துக் கொடுத்திருந்தாள்.

"தப்பு என்மேலதாங்க்கா. நாயுருவி விதை புடவையில ஒட்டிக்குமே, அந்த மாதிரி அந்த ரோஸ் மருந்துல இருக்கறது மாத்திரையக் கவ்விக்கும். கவ்வினது ரத்தத்துக்கே போவாது, மலத்தோட வெளியே போயிடும். கேப்பையிலயும் மோர்லயும் சுண்ணாம்புச் சத்து. அதுவும் கொஞ்சம் கவ்வும்."

அவள் உடனே டாக்டருக்குப் போன் செய்து, தன் தவறையும் மறைக்காமல் சொன்னாள். ரோஸ் மருந்தை நிறுத்தச் சொன்னார். சாயங்காலமே குமரேசனை நேரில் பார்க்க வேண்டும் என்றார்.

"இனிமே ஒரு சொம்புத் தண்ணியோட முழுங்கணும். அரை மணி நேரம் படுக்கக் கூடாது. படுத்தா மாத்திர தொண்டைக்குக் கீழே ஒட்டிக்கினு புண்ணாக்கும், அந்த எரிச்சல்தான் அது. கூழு ரெண்டு மணி நேரம் கழிச்சு. வெயில்ல சட்டையோட நிக்கட்டும், இது போடறப்ப தோலு சீக்கிரம் பொசுங்கும்."

கிருஷ்ணவேணி இடுப்பில் கை வைத்தாள். "நெஞ்சப் புண்ணாக்கும், தோலப் பொசுக்கும். அப்போ அது சூடுதானே?"



சாயங்காலம் டாக்டர் பார்த்துவிட்டு, இன்னும் ஒரு நாள் வீட்டிலேயே பார்க்கலாம் என்றார். ஐந்தாம் நாள் காலை கிருஷ்ணவேணி சிரித்துக்கொண்டே வந்தாள்.

"வேர்த்து ஊத்தி இறங்கிடுச்சும்மா. மிச்ச மாத்திரைய அடுத்த காய்ச்சலுக்கு எடுத்து வைக்கலாம்ன்றாரு."

"வேணாம்னு சொல்லுங்க. கணக்கா ஏழு நாளும் போடணும்."

அவள் போனதும், ரோஸ் பாட்டில்கள் இருந்த அலமாரியில் எலிசா ஒரு சீட்டை ஒட்டினாள். அதில் தனக்காக எழுதியிருந்தாள்: 'யாருக்கு? கூட என்ன மாத்திரை?'